உன் வலி மாத்திரைகளைப் பற்றி

தாராவி, பம்பாய்
9-8-1966

அன்பு மகன் இசக்கிமுத்துவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தங்கை செண்பகவல்லியும் சுகம், அங்கே உன் வயிற்றுப் புண் ஆறி நீ நடமாட சுயம்புலிங்கசாமி துணை இருக்க வேண்டும். குடல்வால் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று நீ எழுதிய கடிதத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. டாடா நகரில் மழை எப்படி, இங்கே சந்தெல்லாம் தண்ணீர், கொசு. கொதிக்க வைத்த தண்ணீரையே குடி, கனமான எதையும் தூக்காதே.

தூரத்தில் இருக்கிறவன் பயப்படுவாய் என்று ஒரு விஷயத்தை உனக்கு எழுதாமல் இருந்தேன், இனி எழுதாமல் முடியாது. போன வருஷம் தோல் ஷெட்டில் கை மெஷினில் மாட்டி அப்பாவுக்கு இரண்டு விரலை எடுத்தது உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். நர்ஸ் ஷ்யாமளா, மாட்டுங்காப் பெண், எங்கள் இருவரையும் பெஞ்சில் உட்கார வைத்து, "பாருங்கோம்மா, இது அபினிலேர்ந்து எடுக்கற மருந்து. தாங்க முடியாத வலின்னா மட்டும் எழுதின அளவு குடுங்கோ, தூக்கம் வரலேன்னு குடுக்கப்படாது. சாராயத்தோட சேர்ந்தா மூச்சே நின்னுடும். எழுப்பி எழுந்திருக்கலேன்னா உடனே தூக்கிண்டு வாங்கோ. மிச்சம் இருந்தா வீட்ல வெச்சுக்காதேங்கோ, எங்கிட்டயே கொண்டுவந்து குடுத்துடுங்கோ" என்று படித்துப் படித்துச் சொன்னாள். நான் அப்படியே செய்தேன், புண் ஆறியதும் மீதியைத் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் அப்பாவுக்கு வலி போகவில்லை, அல்லது மாத்திரையை விட முடியவில்லை, எது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. யாரோ ஒரு கம்பவுண்டரிடம் வாங்கித் தின்றிருக்கிறார். கேட்டால், "ஏட்டி, வலி ஒனக்கா எனக்கா?" என்று கத்துவார். உன் அப்பா கத்தி நீ கேட்டிருக்கிறாயா? சித்திரையில் ஒரு மத்தியானம் ரேஷன் கடையிலிருந்து வந்தால் தரையில் கிடக்கிறார், வாயில் சாராய வாடை, உதடு நீலம் பாரித்துவிட்டது, ஒரு மூச்சு வந்தால் அடுத்தது வருமா என்று காத்திருக்க வேண்டியிருந்தது. உலுக்கினேன், தண்ணீர் தெளித்தேன், அசையவில்லை. டாக்சி ஓட்டும் அப்துல் ரவூப் அண்ணன்தான் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு மூச்சைத் திருப்பினார்கள். கண் விழித்த மனிதர் முதலில் தடவிப் பார்த்தது சட்டைப் பையை.

அதற்குப் பிறகு ஒழுங்காக வேலைக்குப் போனார், சாப்பிட்டார், நானும் நம்பினேன். அப்போதுதான் உன் கடிதம் வந்தது. வலி குறைந்துவிட்டது, கொடுத்த மாத்திரையில் பாதி அப்படியே இருக்கிறது என்று எழுதியிருந்தாய் அல்லவா, அந்த வரியைச் செண்பகத்தை விட்டு மறுபடி மறுபடி வாசிக்கச் சொன்னார். "என்ன மாத்திரைன்னு பேரு எழுதலையோ?" என்று கேட்டார். மறுநாளே ஷெட்டில் லீவு சொல்லி, வி.டி. ஸ்டேஷனுக்குப் போய் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "பிள்ளையப் பாத்துட்டு வாரேன்" என்கிறார். தடுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. அவர் முகத்தில் இருக்கிற சந்தோஷத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை ரயில் ஏறுகிறார். அதற்குள் உன் கைக்குக் கிடைக்கட்டும் என்று இதை எக்ஸ்பிரஸ் டெலிவரியில் போடுகிறேன். கிடைத்ததும் அந்த மாத்திரைகளை ஆஸ்பத்திரியிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடு. ஒளித்து வைக்காதே, கண்டுபிடித்துவிடுவார். ரூமில் கூட இருக்கிற பையன்களிடமும் கொடுக்காதே. இன்னும் வலி இருந்தால் டாக்டரிடம் வீட்டு நிலைமையை மறைக்காமல் சொல்லி, என்ன செய்யலாம் என்று கேள். யாரையாவது ஸ்டேஷனுக்கு அனுப்பி அப்பாவைக் கூட்டிவரச் சொல், வயிறாரச் சாப்பாடு போடு, திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்துவிடாதே, உன்மேல் அவருக்கு இருக்கும் பாசம் பொய்யில்லை. அவர் தூங்கும்போது மூச்சைக் கவனித்துக்கொள்.

நீ நோய் நொடி இல்லாமல் தீர்க்காயுசாக இருக்க வேண்டும் என்று விளக்கேற்றி வேண்டிக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அப்பா உன் பக்கத்தில் உட்கார்ந்து, தலையைத் தடவிக்கொடுத்து, இன்னும் வலிக்கிறதா என்று கேட்பார், ஆமாம் என்றால் உன் பேரைச் சொல்லி மாத்திரை வாங்கப் போய்விடுவார். வலித்தாலும் அவரிடம் இல்லை என்றே சொல்.

ஆசியுடன் அம்மா,
சொர்ணம்மாள்