வாசலை மறித்த மூன்று செங்கல்

அக்கா,

உங்கள் மூன்று செங்கல்லையும் நேற்று மத்தியானம் மாடிப்படிக்கு அடியிலிருந்து வெளியே எடுத்தேன். ஒரு வருஷமாகச் சாக்குக்குள் கிடந்தும் கரிவாசனை போகவில்லை. பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு எடுங்கள் என்று என் மனைவி சொன்னாள், கேட்கவில்லை. வெள்ளைச் சட்டையின் மார்பில் கறுப்பாக ஒரு பட்டை விழுந்துவிட்டது. இதை எழுதும் இந்தச் சாயங்காலத்திலும் என் நகக்கண்ணில் கரி இருக்கிறது. நீங்கள் இருந்திருந்தால், "சாரமில்ல அண்ணாச்சி" என்று ஒரு சொல்லில் முடித்திருப்பீர்கள். எது நடந்தாலும் பரவாயில்லை என்று சொல்ல உங்களிடம் இருந்த சொல் அது ஒன்றுதான். என் சட்டைக்கும் அதுதான், உங்கள் மூட்டுவலிக்கும் அதுதான்.

நாங்கள் இந்த ஊருக்கு வந்து சேர்ந்த லட்சணம் உங்களைத் தவிர வேறு யாருக்கும் முழுதாகத் தெரியாது. திருவனந்தபுரம் ஆரியசாலையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. ஒரு வருஷம் இருந்து பார்ப்போம், ஒத்துவராவிட்டால் அம்பாசமுத்திரத்துக்கே திரும்பிவிடுவோம் என்று சொல்லித்தான் மனைவியைக் கிளப்பினேன். அவள் மனத்திலிருந்த திருவனந்தபுரத்தில் ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும். என் மனத்திலிருந்த திருவனந்தபுரத்தில் சத்தமே இருக்காது. ஊரில் எங்கள் வீட்டுக்கு எதிரே கல்யாண மண்டபம். முகூர்த்த நாள் தவறாமல் ஒலிபெருக்கி அலறும். அதனால் வீட்டுத் தரகரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று, தெரு அமைதியாக இருக்க வேண்டும். ஸ்ரீவராகம் பகுதியில் தான் பார்த்துவைத்திருக்கும் தெருவில் ஈ காக்கை கிடையாது என்று அவர் போனில் சத்தியம் செய்தார்.

பால் காய்ச்ச நல்ல நாளும் நேரமும் என் மாமனார் ஜோசியரிடம் குறித்து வாங்கினார். சாமான் லாரி ராத்திரியே புறப்பட்டுவிட்டது. நாங்கள் இருவரும் விடியற்காலை ரயிலில் வந்தோம். நாகர்கோவிலில் பெட்டி நிறையப் பெண்கள் ஏறினார்கள். ஆளுக்கொரு மண்பானை, ஒரு கட்டு ஓலை. ஏதோ பெரிய இடத்துக் கல்யாணம் போலிருக்கிறது என்றேன் மனைவியிடம். ஆளுக்கொரு பானை எடுத்துக்கொண்டு போகிற கல்யாணம் எங்கே நடக்கிறது என்று அவள் கேட்டாள். கேரளத்தில் அப்படித்தான் என்று சொல்லிவிட்டேன். அதுவரை நான் கேரளத்தில் கால் வைத்ததில்லை.

தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கினால் ஆட்டோ இல்லை, பஸ் இல்லை. நடந்தோம். வழிநெடுக ரோட்டின் இரண்டு பக்கமும் மூன்று மூன்றாகச் செங்கல். ஊரே ஒரே நாளில் வீடு கட்ட ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறதே என்று நினைத்தேன். ஒவ்வொரு மூன்று கல்லுக்கும் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பிறகும் எனக்கு விளங்கவில்லை. ஆற்றுக்கால் அம்மனுக்குப் பொங்கல் வைக்க வருஷத்தில் ஒரு நாள் இந்த ஊர் முழுக்க அடுப்பாகிவிடும் என்பதும், அந்த ஒரு நாளைத்தான் மாமனாரின் ஜோசியர் பொறுக்கி எடுத்திருக்கிறார் என்பதும், எங்கள் வீட்டு கேட்டுக்கு வந்து நின்ற பிறகுதான் தெரிந்தது. தரகர் சொன்ன ஈ காக்கையைத்தான் காணோம். மற்ற எல்லாரும் இருந்தார்கள்.

கேட்டை மறித்து உங்கள் அடுப்பு. அதற்குப் பின்னால் நீங்கள், கேட்டில் முதுகைச் சாய்த்துக்கொண்டு. நாங்கள் இங்கே புதிதாகக் குடிவந்திருக்கிறோம் என்பதை மலையாளத்தில் சொல்ல ரயில் முழுக்க மனப்பாடம் செய்திருந்தேன். அதை உங்களிடம்தான் அரங்கேற்றினேன். நீங்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தமிழிலயே சொல்லுங்க அண்ணாச்சி, சீக்கிரம் முடியும்" என்றீர்கள்.

தமிழில் சொன்னேன். வீட்டுக்குள் போக வேண்டும், கொஞ்சம் தள்ளிப் போடுங்கள், புகையெல்லாம் உள்ளே வரும் என்று.

"இந்த இடம் எனக்குள்ளதாக்கும். வருஷா வருஷம் இங்கதான் போடுறேன். நீங்க எப்ப வந்தீங்க?"

"இப்பத்தான்."

"பின்னே?"

நீங்கள் வீட்டுக்குச் சொந்தக்காரியா என்று கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லை. நான் ஒரு வருஷத்துக்கு வாடகைக்கு வந்தவன் என்று மட்டும் சொன்னேன். அப்படியானால் வீட்டுக்காரர் வந்து சொல்லட்டும், தள்ளிப் போடுகிறேன் என்றீர்கள். வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார் என்பது எனக்கு முன்பே உங்களுக்குத் தெரியும் என்பதை இரண்டு வருஷம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன்.

அந்த நேரத்தில்தான் லாரிக்காரர் போன் செய்தார். நெய்யாற்றின்கரையில் மறித்துவிட்டார்களாம், சாயங்காலம் வரை ஊருக்குள் விடமாட்டார்களாம். அடுப்பு, பாத்திரம், பாய் எல்லாம் லாரியில். எங்கள் கையில் இருந்தது ஒரு பால் பாக்கெட்டும், மாமனார் நேரத்தைக் குறித்துக் கொடுத்த துண்டுச் சீட்டும். கேட்டின் ஒரு கதவை நீங்கள் ஒதுங்கித் திறந்துவிட்டீர்கள். என் மனைவி வீட்டுக்குள் போகவில்லை. படியில் உட்கார்ந்து, சாயங்காலம் திரும்பிப் போக ரயில் இருக்கிறதா பாருங்கள் என்றாள். குரல் உடைந்துவிட்டது. கடல் தெரியும் என்று நான்தான் அவளிடம் சொல்லியிருந்தேன்.

நீங்கள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, அக்கா. அவளைத்தான் கேட்டீர்கள், எந்த ஊர் என்று. அம்பாசமுத்திரம் என்றதும் உங்கள் முகம் மாறியது.

"எங்க தாத்தாவுக்கும் அதான் ஊரு. ஒரு வருஷம்னு சொல்லித்தான் போனக்காட்டுக்கு மலையேத்திக் கொண்டாந்தாங்க. நான் அங்க தேயிலத் தோட்டத்திலயே பொறந்தேன், அங்கயே கிள்ளுறேன். அம்பாசமுத்திரத்த இன்னும் பாத்ததில்ல."

என் மனைவி உங்களைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று தெரிந்தும் எனக்கு உயிர் வந்தது.

பாலை இந்த அடுப்பிலேயே காய்ச்சலாம் என்றீர்கள். ஆனால் அம்மனுக்குப் பொங்கின பிறகுதான் பால். கோயிலில் பற்றவைத்த தீ அடுப்புக்கு அடுப்பு கைமாறி எங்கள் தெருவுக்கு வந்து சேர்வதற்குள் நான் துண்டுச் சீட்டையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக் களைத்துப்போனேன். நல்ல நேரம் பன்னிரண்டு மணிவரைதான். உங்கள் பானையோ எந்த அவசரமும் இல்லாமல் இருந்தது. "வாச்சப் பாத்தா பாலு பொங்காது அண்ணாச்சி, ஓலய எடுத்துக் குடுங்க" என்றீர்கள். கொடுத்தேன். தெருவில் இருந்த ஒரே ஆண்பிள்ளை நான். ஓலை கொடுப்பதும் தண்ணீர் சுமப்பதுமாக என்னை எல்லா அடுப்புக்காரிகளும் பங்குபோட்டுக்கொண்டார்கள்.

பன்னிரண்டு அடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது உங்கள் மற்றொரு சின்னப் பானையில் எங்கள் பால் பொங்கியது. இது புதுக்குடித்தனத்துப் பால் என்று நீங்கள் பக்கத்து அடுப்புக்குச் சொல்ல, அது அடுத்த அடுப்புக்குப் போக, தெரு முழுக்கக் குலவையிட்டார்கள். எங்கள் கல்யாணத்தில்கூட அத்தனை பேர் குலவையிட்டதில்லை. கடலை எதிர்பார்த்து வந்தவள் நடுரோட்டில் உட்கார்ந்து, புகைவாசனை அடித்த பாலை ஊதி ஊதிக் குடித்தாள். ரயிலைப் பற்றி அதன் பிறகு அவள் பேசவில்லை.

வீட்டுக்குள் போனால் எதிர்ச்சுவர் தெரியாத அளவுக்குப் புகை. நான் இருமிக்கொண்டே வெளியே வந்து முறையிட்டேன். "அம்மா வீட்டுக்குள்ள வந்து பாத்துட்டுப் போறான்னு நெனச்சுக்கிடுங்க" என்றீர்கள். தீர்த்தம் தெளித்து முடிந்ததும் மலை பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினீர்கள். நகரசபை வண்டி வந்து கல்லையெல்லாம் பொறுக்கிக்கொண்டு போய்விடும், இந்த மூன்றையும் உள்ளே வையுங்கள் என்று என் கையில் திணித்தீர்கள். ராத்திரி நாங்கள் சாப்பிட்டது நீங்கள் வாழையிலையில் வைத்துவிட்டுப் போன பொங்கல்.

அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு நாள் உறவு நம்முடையது. நான் உங்களை அக்கா என்றேன். நீங்கள் என்னை அண்ணாச்சி என்றீர்கள். யார் மூத்தவர் என்று கடைசிவரை இருவருமே விசாரிக்கவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி, கொழுக்கட்டை அவிக்கிற வயணை இலைக்கட்டையும் தேயிலைத் தூளையும் என் மனைவியிடம் கொடுத்துவிட்டு நீங்கள் கேட்கும் முதல் கேள்வி, "இன்னும் போகலையா நீங்க?" அடுத்த வருஷம் போய்விடுவோம் என்பேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கடல் ஜன்னலில் தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பலாமரம் தெரிந்தது. ஒரு தரம் மொட்டைமாடியில் ஏறி, தூரத்தில் நீலமாக ஒன்றைக் காட்டி, பார் கடல் என்று மனைவிக்குப் பெருமையாகக் காட்டினேன். மறுநாள் அதைச் சுருட்டி மடித்து எடுத்துக்கொண்டு போனார்கள். ஏதோ பந்தலில் போட்ட தார்ப்பாய். பதிமுகம் என்கிற மரத்தின் பட்டை போட்டுக் காய்ச்சிய சிவப்பு வெந்நீரை ஹோட்டலில் முதன்முதல் வைத்தபோது, குழாய் துருப்பிடித்திருக்கிறது என்று நான் முதலாளியை அழைத்தேன். இப்போது ஊரிலிருந்து வரும் மைத்துனர் அதே தண்ணீரைச் சந்தேகமாகப் பார்த்தால் என் மனைவிக்குக் கோபம் வருகிறது.

நமக்குள் தீராத வழக்கு புகைதான். இரண்டடி இடதுபக்கம் தள்ளிப் போடுங்கள் என்று நான் ஒவ்வொரு வருஷமும் மனுப் போட்டேன். வீட்டுக்காரர் வந்து சொல்லட்டும் என்று நீங்கள் ஒவ்வொரு வருஷமும் தள்ளுபடி செய்தீர்கள். இத்தனைக்கும், முந்தின நாளே கல்லைப் போட்டு, நாற்காலியைப் போட்டு, இடம் பிடிக்க வரும் பெண்களிடம் ஆள் வரும், ஆள் வரும் என்று காவல் காத்தது நான்தான். சாயங்காலம் நகரசபை வண்டி வரும்போது கல்லைத் துண்டால் மூடிக்கொண்டு ஓடியதும் நான்தான். கொரோனாவுக்குப் பயந்து ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்த அந்த வருஷம் போன் செய்தீர்களே, எங்களைச் சுகமா என்று கேட்கவில்லை. "கல்லு பத்திரமா இருக்கா?" என்றுதான் கேட்டீர்கள். என் மனைவி முற்றத்தில் உங்கள் கல்லில் பொங்கல் வைத்தாள். பொங்கும்போது போனை அடுப்பருகில் பிடித்தேன். மலைமேலிருந்து நீங்கள் குலவையிட்டீர்கள்.

ஐப்பசி மழையில் உங்கள் மகள் திருப்பூரிலிருந்து பேசினாள். எல்லாம் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அம்மாவின் சாமான் ஏதாவது உங்கள் வீட்டில் இருக்கிறதா மாமா என்று கேட்டாள். மூன்று செங்கல் இருக்கிறது என்றேன். அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அழுதாள். அன்று நான் கடைக்குப் போகவில்லை. வருஷத்துக்கு ஒரு நாள் பார்த்த ஆளுக்காக ஒரு நாள் முழுக்க இப்படி உட்கார்ந்திருக்க முடியும் என்று எனக்கே தெரியாது.

கல்லை நேற்று எடுத்துப் போட்டுவிட்டேன். எதற்கு என்று தெரியாமலே போட்டேன். இன்று காலை என் மனைவி அவள் அடுப்பைப் பக்கத்தில் வழக்கமான இடத்தில் போட்டுக்கொண்டாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து வந்தவர்களிடமெல்லாம் ஆள் வரும், ஆள் வரும் என்று விரட்டினேன். "யாருங்க வருவா?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள். தெருக்கோடியைப் பார்த்தேன். தீ எங்கள் தெருவுக்குள் நுழைந்துவிட்டது. நம் வாசலில் மட்டும் பானை ஏறாத மூன்று கல்.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். சின்ன வயது. இடுப்பில் பானை, கையில் ஓலை, நெற்றி முழுக்க வியர்வை. மார்த்தாண்டத்திலிருந்து வருகிறாளாம், முதல் தடவையாம், எங்கேயும் இடம் இல்லையாம்.

"சாரே, இந்த இடத்துல ஆளு உண்டுமா?"

காலையிலிருந்து சொன்னதையே சொல்ல வாயெடுத்தேன். வேறு வந்தது. "ஆள் வந்தாச்சு. உக்காருங்க."

அவள் உட்காரவில்லை. நல்ல பிள்ளை, முதலில் கேட்டைப் பார்த்தாள், வீட்டைப் பார்த்தாள், காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தாள். பிறகு குனிந்து உங்கள் கல் ஒவ்வொன்றையும் எடுத்து, இரண்டடி இடதுபக்கமாகத் தள்ளி வைத்தாள். இத்தனை வருஷம் நான் கேட்டது, கேட்காமலே நடந்துவிட்டது. எனக்குத் தாங்கவில்லை. எழுந்து போய் அந்தக் கல்லை என் கையாலேயே எடுத்துப் பழைய இடத்தில் வைத்தேன்.

"பொக உள்ள போவுமே சாரே," என்றாள் அவள் பயந்துபோய். "வீட்டுக்காரரு ஏசமாட்டாரா?"

"வீட்டுக்காரன் நான்தாம்மா," என்றேன், துபாய்க்காரரை நினைத்துப் பார்க்காமலே. "போகட்டும்."

என் மனைவி அவள் அடுப்பிலிருந்து தீயை எடுத்து உங்கள் கல்லுக்கு நடுவே வைத்தாள். ஓலை பற்றியது. புகை கேட்டைத் தாண்டி, படியேறி, நேராக உள்ளே போனது. வீடு இன்னும் அந்த வாசனையோடுதான் இருக்கிறது, அக்கா. ஜன்னலை நாங்கள் திறக்கவில்லை. கல் மூன்றும் மாடிப்படிக்கு அடியில் பத்திரம். நீங்கள் வந்ததும் கேட்கிற கேள்வியை இந்த வருஷம் யாரும் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இல்லை, போகவில்லை.