ஒன்பதாம் ஸ்தலத்தில் விழுந்த சைக்கிள்

மரியே வாழ்க
எடமலைப்பட்டி புதூர்
சனிக்கிழமை, காலைப் பூசை முடிந்து

என் அன்பு மகள் பிரான்சிக்கு, அம்மா லூர்துராணி ஆசீர்வதித்து எழுதுவது. மாதா தயவில் நானும் உன் மகள் அனிஷாவும் இங்கே சுகம், வெயில்தான் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. அங்கே அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளை பிராங்க்ளினும் நெஞ்சில் சளி கட்டாமல் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று ஜெபமாலையில் ஒரு பத்து மணியை உங்களுக்கென்றே ஒதுக்கிச் சொல்கிறேன். அனிஷாவின் முழங்கைக் காயம் காய்ந்து பொருக்கும் உதிர்ந்துவிட்டது. அதைப் பற்றி நீ கவலைப்பட இனி ஒன்றும் இல்லை, மற்றதைப் பற்றிக் கவலைப்படு.

போன வாரம் போனில் நீ பேசினாய், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு இடம் கொடுத்தாயா. சைக்கிளை உடனே விற்றுவிட வேண்டும், பரீட்சை முடிந்த கையோடு அனிஷா சென்னைக்கு அவள் அத்தை வீட்டுக்குப் போய்விட வேண்டும், இனிமேல் இந்தக் கிழவியிடம் விட்டு வைக்க முடியாது என்று தீர்ப்பு எழுதிவிட்டாய். அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று மாப்பிள்ளையிடம் சொன்னதும் எனக்குக் கேட்டது, ஸ்பீக்கரை அணைக்காமல் பேசினால் எல்லாம்தான் கேட்கும். யாரோ உனக்கு அனுப்பிய வீடியோவில் பிள்ளை விழுந்தது மட்டும்தான் இருக்கிறது, முன்னால் நடந்ததும் பின்னால் நடந்ததும் அதில் இல்லை. அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், கடிதத்தை நடுவில் வெட்டிப் பேச உன்னால் முடியாது பார். எழுதி முடித்து நானே போனில் படம் பிடித்து அனுப்புவேன், அனிஷாவுக்குத் தெரியாது. பக்கம் முன்பின்னாக வந்தால் நம்பர் போட்டிருக்கிறேன், அடுக்கிப் படி.

அந்த மலை சைக்கிளை அவள் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தது உன் வீட்டுக்காரர், காலேஜுக்குப் போகத்தானே என்று தலையாட்டினது நீ. மலைக்கென்றே செய்த சைக்கிளை வாங்கிக் கொடுத்துவிட்டு மலைக்குப் போகாதே என்றால் பிள்ளை என்ன செய்யும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போனில் தேடுவாள். பச்சைமலை கொல்லிமலை என்று எல்லாம் காட்டுகிறதாம், எல்லாவற்றுக்கும் கீழே காரை எங்கே நிறுத்தலாம் என்றுதான் போட்டிருக்கிறதாம். நம்மிடம் கார் ஏது. ஸ்ரீரங்கத்து சிநேகிதி ஜாஹ்னவி வீட்டில் கார் இருக்கிறது, ஆனால் அந்தப் பெண்ணின் அப்பா சைக்கிளின் சேற்றைப் பார்த்தார், தன் காரைப் பார்த்தார், உள்ளே கூப்பிட்டு நல்ல காபி கொடுத்து அனுப்பிவிட்டார். கொள்ளிடக் கரையில் ஓட்டிப் பார்த்தாள், மணலில் சக்கரம் புதைகிறது. துறையூர் பஸ்ஸில் ஏற்றப் போனாள், ஏம்மா இத ஏத்துனா நான் எங்க நிக்கிறது என்று கண்டக்டர் கேட்டிருக்கிறார். ஒருநாள் மதுரை ரோட்டிலேயே விராலிமலை வரைக்கும் மிதித்துப் போய்விட்டு வந்து, லாரிக்காத்து ஆளையே தள்ளுது அம்மாச்சி என்று வாசப்படியில் உட்கார்ந்தாள். மலையில் விழுந்தால் முழங்கையோடு போகும், அந்த ரோட்டில் விழுந்தால் என்ன ஆகும் என்று நீயே நினைத்துப் பார்.

அப்படி என்னதாண்டி தேடுற என்று கேட்டேன். கல்லும் குழியும் சரிவுமாக, ஓர் ஆள் நடக்கிற அகலத்தில், வளைந்து வளைந்து இறங்குகிற பாதை வேண்டுமாம், அதற்கு ட்ரெயில் என்று பேராம். ஊரில் எல்லோரும் நல்ல வழியாகத் தேடுகிறோம், உன் மகள் மட்டும் மோசமான வழியாகப் பார்த்துத் தேடுகிறாள். நம் தெருவில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிப் போட்டிருக்கிறார்களே அதில் ஓட்டேன் என்றேன், அவள் சிரிக்கவில்லை. அப்புறம்தான் எனக்கு உன் அமிர்தசாமி மாமா ஊர் ஞாபகம் வந்தது. வையம்பட்டிக்குப் பக்கத்தில், என் தம்பி உபதேசியாராக இருக்கிற கோயிலுக்குப் பின்னால் ஒரு மலை இருக்கிறதே, அடிவாரத்திலிருந்து உச்சி வரைக்கும் சிலுவைப் பாதைக்கு, நின்று ஜெபிக்கப் பதினாலு ஸ்தலமும் சிலுவை நட்டு வைத்து, கல்லும் முள்ளுமாகப் பாதை போகுமே, அதுதான். திண்டுக்கல் பாசஞ்சர் வையம்பட்டியில் நிற்கும், அங்கிருந்து அவள் மிதித்துப் போகலாம், நான் ஷேர் ஆட்டோவில் போகலாம். மலைக்குப் பின்பக்கம் ஆடு ஏறுகிற தடம் ஒன்று உண்டு, அதில் தள்ளிக்கொண்டு ஏறி முன்பக்கம் இறங்கலாம். சொன்னதும் அனிஷா என்னைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். நீ அப்படிக் கொடுத்து எத்தனை வருஷம் ஆச்சு.

ரயிலில் எப்படி ஏற்றினோம் என்று சொன்னால் கோபிப்பாய், சொல்கிறேன். சக்கரத்தை எல்லாம் கழட்டி, என் பழைய நைலக்ஸ் புடவையில் மூட்டையாகச் சுற்றி, பக்கத்தில் நான் உட்கார்ந்துகொண்டேன். மணப்பாறை தாண்டும்போது டிக்கெட் பரிசோதகர் வந்து மூட்டையைத் தட்டிப் பார்த்து, என்ன பாட்டி இது என்றார். தொட்டில் என்றேன். யாருக்குப் பேறுகாலம் என்றார். என் மகளுக்கு என்று வாயில் வந்துவிட்டது. நல்லபடியா பெத்துப் பொழைக்கட்டும் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். இந்த வயதில் உன்னைப் பிள்ளைத்தாச்சியாக்கிவிட்டேன், மாப்பிள்ளையிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. அனிஷா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

இனிமேல்தான் என் பிசகு வருகிறது. வெள்ளிக்கிழமை அவளுக்குக் கிளாஸ் கிடையாது, அதனால் வெள்ளிக்கிழமையாகப் பார்த்துப் போனோம். தவக்காலம் ஆயிற்றே, சாயங்காலம் அங்கே சிலுவைப் பாதையில் நானும் கலந்துகொண்டு திரும்பலாம், காலையில் மலை காலியாகத்தான் கிடக்கும் என்று நினைத்தேன். நம் புதூரில் சாயங்காலம்தானே நடக்கிறது. அனிஷா தன் போனை என் பையில் போட்டுவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஆட்டுத் தடத்தில் ஏறிப் போய்விட்டாள். நான் தம்பி வீட்டில் உட்கார்ந்து காபியை வாயில் வைத்தேன், சீக்கிரம் குடிக்கா, மணி அடிக்கப் போறாங்க என்கிறான். இந்த வருஷத்திலிருந்து காலையிலேயே சிலுவைப் பாதையாம். வெறுங்காலோடு ஏறுகிற சனம், சாயங்காலத்துக்குள் பாறை தோசைக்கல் மாதிரி ஆகிவிடுகிறது என்று ஃபாதர் கிளமென்ட் மாற்றிவிட்டாராம். டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டேன். ஊரே சிலுவையைத் தூக்கிக்கொண்டு கீழேயிருந்து ஏறப் போகிறது, என் பேத்தி மேலேயிருந்து இறங்கப் போகிறாள், முன்பக்கம் பாதை ஒன்றுதான். தம்பியிடம் சொல்ல முடியுமா. கோயிலில் யாருக்காவது முக்காடு நழுவினாலே முறைக்கிறவன்.

ஓடிப் போய்க் கடைசி வரிசையில் சேர்ந்துகொண்டேன். ஒவ்வொரு ஸ்தலத்திலும் மற்றவர்கள் முழந்தாளிட்டுத் தங்கள் பாவத்துக்காக அழுகிறார்கள், நான் மட்டும், ஆண்டவரே அந்தப் பிள்ளை இன்னும் உச்சியிலேயே உட்கார்ந்து தண்ணி குடிச்சிட்டு இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே ஏறினேன். எட்டு ஸ்தலம் வரைக்கும் ஆண்டவர் கேட்டார். ஒன்பதாவதில் ஃபாதர் புத்தகத்தைப் பிரித்து, இயேசு மூன்றாம் முறை கீழே விழுகிறார் என்று வாசித்து வாயை மூடவில்லை, மேல் வளைவில் சரசரவென்று கல் உருண்டது. கூட்டத்தைப் பார்த்த பதற்றத்தில் பிள்ளை பிரேக்கை அழுத்திப் பிடித்துவிட்டாள். சைக்கிள் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம், சறுக்கிக்கொண்டே வந்து அந்த ஸ்தலத்துச் சிலுவைக்கு நேர் கீழே விழுந்தாள். பாட்டுக் குழுவில் யாரோ ஊர்வலத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள், அயர்லாந்து வரைக்கும் வந்த வீடியோ அதுதான்.

அனிஷா தானாகவே எழுந்து நின்று ஹெல்மெட்டைக் கழட்டிவிட்டு, கையில் ரத்தத்தோடு சாரி ஃபாதர் என்றாள். ஆண்டவர் சிலுவையச் சொமந்து ஏறின பாதையில சைக்கிள்ல எறங்குறதா, யார் வீட்டுப் பொண்ணு இது என்று சத்தம் கிளம்பியது. யார் வீட்டுப் பெண் என்று என் தம்பிக்கும் அப்போதுதான் தெரிந்தது, மீசை துடிக்க முன்னால் வந்தான். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவனுக்கும் பிள்ளைக்கும் நடுவில் முழந்தாளிட்டேன்.

“நேர்த்திக்கடன்” என்றேன்.

அவ்வளவுதான், சத்தம் அடங்கிவிட்டது. முழங்காலிலேயே ஏறுகிறவர்கள் உண்டு, மொட்டை போடுகிறவர்கள் உண்டு, உருண்டு வருகிறவர்கள் உண்டு, ஒருத்தி சைக்கிளில் இறங்குவதாக நேர்ந்துகொண்டால் யார் என்ன சொல்ல முடியும். மாமா வீட்டுக்கு எதிர்வீட்டுச் சவரியம்மா ஓடி வந்து முந்தானையால் பிள்ளையின் கையைத் துடைத்துக்கொண்டே, என்ன வேண்டுதல்க்கா என்று கேட்டாள். யோசிக்க நேரம் இருந்திருந்தால் பரீட்சை, வேலை, கல்யாணம் என்று எதையாவது சொல்லியிருப்பேன்.

“என் மக பிரான்சி இந்த ஈஸ்டருக்காச்சும் வீடு வந்து சேரணும்.”

சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பதே என் காதில் விழுந்தது. அனிஷா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சவரியம்மா உடனே சைக்கிளின் கைப்பிடியைத் தொட்டுச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள், பின்னாலேயே மற்றப் பெண்களும் தொட்டார்கள். ஃபாதர் கிளமென்ட் சின்ன வயதுக்காரர், ஹெல்மெட்டைப் பார்த்தார், தடிமனான டயரைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. எத்தனை வெள்ளிக்கிழமைக்கு நேர்ந்திருக்கீங்க பாட்டி என்று உதட்டோரம் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். தவக்காலம் முடியுற வரைக்கும் ஃபாதர் என்றேன், வேறு என்ன சொல்ல. அப்படியானால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எல்லோரோடும் சேர்ந்து ஏற வேண்டும், எல்லா ஸ்தலத்திலும் முழந்தாளிட வேண்டும், கடைசி ஆள் அடிவாரம் சேர்ந்து கோயில் மணி அடித்த பிறகுதான் இறங்க வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டார்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது ரயிலில் அவள் முழங்கைக் காயத்தை ஊதிக்கொண்டே வந்தாள். ஃபாதர் முன்னாடியே பொய் சொன்னதற்குத் திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். பூங்குடி வந்ததும், அம்மா நெஜமாவே வருவாங்களா அம்மாச்சி என்று கேட்டாள். நான் வெளியே பார்த்துக்கொண்டு, ஊரறிய நேர்ந்தது நீ, நீதான் சொல்லணும் என்றேன்.

அதிலிருந்து ஒரு வெள்ளிக்கிழமை விடவில்லை, நேற்றும் போய் வந்தோம். அவள் இறங்குகிறதை நீ பார்க்க வேண்டும் பிரான்சி. மணிச் சத்தம் கேட்டதும் உச்சியில் ஒரு பொட்டு மாதிரி தெரிவாள். உட்காருவதே இல்லை, மிதிகட்டையில் எழுந்து நின்று முழங்காலை மடக்கி, பாறைக்குப் பாறை இறங்குவாள். வளைவில் மறைந்துபோனால் எனக்கு உயிர் போகும், அடுத்த வளைவில் தெரிந்ததும் திரும்பி வரும். அடிவாரத்தில் அவள் வந்து நிற்கும்போது பெண்கள் குலவை போடுகிறார்கள், என் பேத்தி என் பேத்தி என்று நான் தெரியாதவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன் அமிர்தசாமி மாமாவோ, வேண்டுதல் பிள்ளை மறுபடி விழக் கூடாது என்று வாரா வாரம் ஆள் வைத்துப் பாதையில் கல்லைப் பொறுக்கிவிடுகிறான். இப்படியே போனா ட்ரெயிலே இருக்காது அம்மாச்சி, கல்லைப் பழையபடி போடச் சொல்லுங்க என்று அவள் ஒரே புலம்பல். அதை எப்படி நான் உபதேசியாரிடம் போய்ச் சொல்வேன்.

இப்போது நீ சொல், சைக்கிளை எப்படி விற்பது. நேர்த்திக்கடனைப் பாதியில் நிறுத்தினேன் என்று அந்த ஊருக்குள் நான் தலைகாட்ட முடியுமா. ஈஸ்டருக்கு நீ வராமல் போனால் வேண்டுதல் பலிக்கவில்லை என்று ஆகிவிடும், அடுத்த வருஷம் மறுபடி ஏறி இறங்க வேண்டும் என்று சவரியம்மா இப்போதே சொல்லிவிட்டாள். அதனால் சைக்கிளை நிறுத்தத்தான் வேண்டும் என்றால் நீ நேரில் வந்துதான் நிறுத்த வேண்டும், வேறு வழி எனக்குத் தெரியவில்லை. சென்னைக்கு அனுப்புகிற பேச்சையும் வந்து என் முகத்துக்கு நேராகச் சொல்லு. நான் பொய் சொல்லித்தான் ஆரம்பித்தேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் சனங்கள் பொய்யாக வேண்டிக்கொள்ளவில்லை பிரான்சி. உன்னைப் பார்த்தே இராத பெண்கள் எல்லாம் அந்தப் பாறையில் முழங்கால் தேய, நம்ம பிரான்சி வந்துடணும் என்று உன் பேரைச் சொல்லிக் கேட்கிறார்கள். உன் மகளும் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறாள், நான் ஓரக்கண்ணால் பார்த்தேன்.

பெரிய வெள்ளிக்குள் வந்துவிட்டால் கடைசி வெள்ளிக்கிழமை நீயே அடிவாரத்தில் நிற்கலாம். லீவு தரவில்லை என்று மட்டும் சொல்லாதே, நீ வேலை பார்க்கிற ஆஸ்பத்திரித் தலைமை நர்சம்மாவிடம் அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சொல்லு, அதை நீ நன்றாகச் சொல்கிறாய். மாப்பிள்ளைக்கும் லீவு கிடைத்தால் கையோடு கூட்டி வா. இருவருக்கும் குழந்தை இயேசுவின் ஆசீர் கூடவே இருக்கட்டும், காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. வரும்போது அனிஷாவின் சைக்கிளுக்கு நல்ல பிரேக் கட்டை வாங்கி வர மறக்காதே, இருந்தது அந்த மலையிலேயே தேய்ந்துவிட்டது.

இப்படிக்கு,
நீ வருகிறாய் என்று ஊருக்கே சொல்லிவிட்ட
உன் அம்மா
லூர்துராணி