குதிகாலைப் பிடித்திருக்கும் கை

பாசமுள்ள அத்தைக்கு,

நல்லாயிருக்கீகளா என்று கேட்டுத்தான் எனக்குக் கடிதம் ஆரம்பித்துப் பழக்கம். உங்களிடம் அதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பேனாவை மூடி வைத்துவிட்டேன். இருந்தாலும் கேட்கிறேன். நல்லாயிருக்கீகளா அத்தை? அங்கே கால் நீட்ட இடம் இருக்கிறதா?

இங்கே உங்கள் மகன் சுகம். தீபாவளி சீசன் முடிந்து கடையிலிருந்து பட்டாசு லோடு அனுப்புகிற அவசரம் தணிந்திருக்கிறது. போன் அடித்தால் இப்போது சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் எடுக்கிறார். பேத்தி கோயம்புத்தூர் ஹாஸ்டலில் சாம்பாரைத் திட்டிக்கொண்டே ஒரு சுற்றுப் பெருத்துவிட்டாள். விஸ்வநத்தம் வீட்டுக்குப் புதுசாக வெள்ளையடித்தோம். உங்கள் அறையில் இருந்த கட்டிலை மட்டும் எடுத்துவிட்டோம். அது நின்ற இடத்தில் நான்கு கால்களின் தடமும் தரையில் அப்படியே இருக்கிறது. துடைத்தால் போகவில்லை.

அந்த நான்கு தடங்களுக்கு நடுவில்தான் நான் தினமும் காலையில் படுக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உங்களைப் புரட்டிப் படுக்க வைத்த காலத்திலேயே என் இடுப்பு முனக ஆரம்பித்திருந்தது. பிறகு காலண்டர் கம்பெனியில் அடுத்த வருஷத்து நாள்களை இந்த வருஷமே திருத்துகிறேன் என்று நாற்காலியை விட்டு எழாமல் கிடந்தேன். ஒருநாள் சிவகாசி பஸ் ஸ்டாண்டில் நடந்துபோகிறேன். பின்னால் வந்த ஒரு அம்மா, "ஏம்மா, செருப்ப விட்டுட்டுப் போறீகளே" என்று கூப்பிட்டார். திரும்பிப் பார்த்தால் இடது கால் செருப்பு நடுவழியில் கிடக்கிறது. அது கழன்றது எனக்குத் தெரியவே இல்லை. வெறுங்காலில் தார் ரோட்டில் நடந்ததும் தெரியவில்லை.

இடது கால், அத்தை. உங்களுக்குப் பக்கவாதத்தில் விழுந்த அதே பக்கம்.

விருதுநகரில் ஸ்கேன் எடுத்தோம். முதுகுத் தட்டு நழுவி நரம்பை அழுத்துகிறதாம். பாதத்தில் பலம் திரும்புகிறதா என்று கொஞ்ச நாள் பார்ப்போம், திரும்பவில்லையென்றால் ஆபரேஷன் என்றார் டாக்டர். அதற்குப் பிறகும் முழுசாகச் சரியாகும் என்று அவர் சொல்லவில்லை. எனக்கு உடனே உங்கள் கட்டில்தான் கண்ணில் வந்தது. என்னைப் புரட்டிப் போட யார் இருக்கிறார்கள்?

உடற்பயிற்சி சொல்லித்தர ஒரு சின்னப் பெண்ணிடம் அனுப்பினார்கள். "குதிக்க வேணாம், ஓட வேணாம், பாரம் எதுவும் வாங்க வேணாங்கா. உங்க காலே உங்களுக்குப் பாரம். அத மெதுவாத் தூக்கி மெதுவா எறக்குனாப் போதும்" என்றாள். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்க வேண்டும். பாதத்தை முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். குதிகாலைத் தரையோடு இழுத்து வர வேண்டும். கடைசியில் காலை நேராகத் தூக்கி அப்படியே நிறுத்தி வைக்க வேண்டும். "நடுங்கும். நடுங்குனாத்தான் வேல நடக்குதுன்னு அர்த்தம்" என்றாள். வழுக்காத ரப்பர் பாய் ஒன்று வாங்கச் சொன்னாள். நான் உங்கள் பருத்தி ஜமுக்காளத்தையே விரித்துக்கொண்டேன். பட்டாசுக் கம்பெனிப் பழக்கத்தில், நைலான் சேலை கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தால்கூடப் பொறி கிளம்பும் என்று நீங்கள் விரட்டுவீர்கள். ரப்பரை அந்த அறைக்குள் கொண்டுபோக எனக்குத் துணிச்சல் வரவில்லை.

முதல் சில நாள்கள் கால் அம்மிக்கல்லாகக் கனத்தது. ஒரு சாண் தூக்குவதற்குள் வியர்த்துவிடும். பிறகு ஒருநாள் காலை, அறைக்குள் வெளிச்சம் நன்றாக விழுந்திருந்த நேரம், வலது காலை முடித்துவிட்டு இடது காலைத் தூக்கினேன். அது எழுந்தது. தண்ணீருக்குள் எழுவதுபோல் கனமே இல்லாமல் எழுந்து, காற்றில் அப்படியே நின்றது.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? குணமாகிவிட்டது என்று நினைத்தேன். உங்கள் மகன் காப்பியோடு வந்து கதவோரம் நின்றார்.

"என்ன புள்ள, எம்புட்டு நேரமாத் தூக்கி வச்சிருக்க?"

"பாருங்களேன், நடுங்கவே இல்ல."

"நல்ல காலு நடுங்குது, நோவு காலு நடுங்கலையாக்கும். ஒங் காலும் ஒன்னய மாதிரிதான், எதையும் நேராச் செய்யாது" என்று சிரித்தார்.

அப்போதுதான் குதிகாலுக்குக் கீழே எனக்கு அது தெரிந்தது. நான்கு விரல் அடியில், கட்டைவிரல் கணுக்கால் எலும்பின் மேல். கட்டைவிரல் நுனியில் காசு அளவுக்கு ஒரு காய்ப்பு. நான் பிள்ளை பெற்றுக் கால் வீங்கிக் கிடந்தபோது எனக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட உங்கள் கை அது. பட்டாசுத் திரி அமுக்கி அமுக்கிக் காய்த்துப்போன அந்த விரலை எந்த இருட்டிலும் எனக்குத் தெரியும் அத்தை. அன்று இருட்டும் இல்லை.

நான் பயப்பட்டேனா? உண்மையைச் சொன்னால் முதலில் இல்லை. உங்கள் காலை நான் எத்தனை மாதம் இதே இடத்தில் இப்படித் தாங்கிப் பிடித்திருக்கிறேன்! போதுமா அத்தை என்பேன். "இன்னுங் கொஞ்சம் பிடி தாயி" என்பீர்கள். அதைத் திருப்பிச் செய்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். விடிந்ததும் ஜமுக்காளத்தை விரிக்கிற ஆசையே அதனால்தான் வந்தது. ஒருநாள் குதிகாலில் வெள்ளி நிறத்தில் ஒரு தீற்றல் இருந்தது. வேலைக்குப் போன காலத்தில் நீங்கள் தொட்ட குடத்தில் எல்லாம் ஒட்டியிருக்குமே, பட்டாசு மருந்தின் அந்த மினுமினுப்பு. கம்பெனியில் காலண்டர் அட்டைக்கு அடிக்கிற வெள்ளி மையாகக்கூட இருக்கலாம். நான் அதைக் கழுவவில்லை.

பயம் வந்தது அந்தப் பெண்ணின் மேஜைமேல் படுத்தபோதுதான். உள்ளங்கையை என் பாதத்தில் வைத்துத் தள்ளச் சொன்னாள். வலது காலால் தள்ளினேன், சிரித்தாள். இடது காலால் தள்ளினேன், சிரிப்பு நின்றுவிட்டது.

"வீட்ல யாராச்சும் இந்தக் காலப் பிடிச்சுத் தூக்கி விடுறாங்களாக்கா?"

"இல்லையே. ஏன்?"

"வலதுல பலம் நல்லா ஏறியிருக்கு. இது வச்ச எடத்துலயே இருக்கு. அடுத்தவங்க தூக்கிவிட்டா அந்தச் சதைக்கு வேலையே இருக்காது. இப்படியே போனா டாக்டர் ஆபரேஷன் தேதி குறிச்சிருவாரு."

செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வீடு வந்தேன். 

மறுநாள் ஜமுக்காளத்தைக் கூடத்தில் விரித்தேன். நீங்கள் அங்கேயும் வந்தீர்கள். மொட்டைமாடியில் வெயிலில் படுத்தேன். அங்கேயும் கால் கனக்கவில்லை. "விடுங்க அத்தை, போதும்" என்று வாய்விட்டுச் சொன்னேன். பிடி இறுகியது. கெஞ்சினேன், இன்னும் இறுகியது. கணுக்காலில் ஒரு விரல் அகலத்துக்குச் சிவந்துபோனது. உங்கள் மகனிடம் சொன்னேன். சிரிக்க வாயெடுத்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். "எந்தக் காலு?" என்று மட்டும் கேட்டார். அன்று மத்தியானம் கடைக்குப் போகாமல் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு வெகுநேரம் மாடியிலேயே நின்றார். காக்கை வந்து சாப்பிட்டது. நீங்கள் விடவில்லை.

பாசமாகத் தெரிந்தது எனக்கு மெல்ல மெல்ல வேறாகத் தெரியத் தொடங்கியது. என்னையும் அந்தக் கட்டிலுக்கு இழுக்கிறீர்களோ? நீங்கள் அப்படிச் செய்ய மாட்டீர்கள் என்று தெரியும். தெரிந்தும் அப்படி நினைத்தேன்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மாரித்தாய் பெரியம்மா வந்தார். உங்களோடு ஒரே அறையில் பட்டாசுக்கு மருந்து அடைத்தவர். பேரன் கல்யாணப் பத்திரிகையோடு நேரே உள்ளே வந்துவிட்டார். நான் காலைத் தூக்கிப் படுத்திருந்தேன்.

"என்ன தாயி, பட்டப்பகல்ல பொணமாட்டம் நீட்டிக் கெடக்க? கல்யாணத்துக்குக் கூப்புட வந்தா எழவு வீட்டுக்கு வந்த மாதிரில்ல இருக்கு."

"எக்சர்சைஸ் பெரியம்மா. காலு மரத்துப்போகுது."

"மரத்துப்போகுதா? அப்ப ஒங்க அத்தையத்தான் கூப்புடணும்." பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலையைப் பிரித்தார். "அவ பிடிச்சா உடும்புப் பிடில்லா. எங் குதிகாலு தப்பிச்சதே பெரிய காரியம்."

 என்ன பிடி என்று கேட்டேன்.

"அதான் தாயி, சம்மணம் போட்டு அரநாளு அசையாம உக்காந்தா காலு செத்துப்போகும்ல? ஏதாச்சும் ஒண்ணுன்னா எந்திரிச்சு ஓடணுமே. செத்த கால வச்சுக்கிட்டு எங்கன ஓட? அதான் ரெண்டு ரெண்டு பேரா எதிரும் புதிரும் உக்காருவோம். அப்பப்ப ஒருத்தி கால ஒருத்தி இழுத்துக் குதிகாலப் பிடிச்சு ஏந்திக்கிடணும். இது கம்பெனி சொன்னதில்ல, பொம்பளைக நாங்களா வச்சுக்கிட்டது."

"போதும்னா விட்டுருவாங்களா?"

"அவ எங்கன விட்டா? வேல கெடுதேன்னு எல்லாரும் போதும் போதும்னுதான சொல்லுவோம்? அதக் காதுலயே வாங்க மாட்டா. 'உசுரு வந்துருச்சு'ன்னு சொல்லணும். அதுக்கும் சும்மா விட மாட்டா. கால் பெருவெரல்ல அவ கட்டவெரல வச்சு அமுக்கித் தள்ளுடின்னுவா. பொய் சொல்லியிருந்தா தொடையிலயே ஒரு அடி."

பிறகு வெற்றிலையை மெல்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார். "அவ மேல தப்பில்ல தாயி. எனக்கு முன்னால அவளுக்கு எதிர உக்காந்தவ, உசுரு வந்துருச்சுன்னு சும்மாதான் சொன்னா. தீப்பிடிச்ச அன்னைக்குக் கதவு வரைக்கும் வரல."

இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை அத்தை? கட்டிலைக் கதவைப் பார்த்துத் திருப்பிப் போடச் சொன்னபோதுகூட, காற்று வரும் என்றுதானே சொன்னீர்கள்? நான் உங்கள் காலைப் பிடித்திருந்த அத்தனை மாதங்களில் நீங்கள் ஒருநாளும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. சொல்லும்படி உங்கள் காலில் உசுரு வரவே இல்லை. பொய்யாகச் சொல்ல உங்களுக்கு மனம் வரவில்லை. அதனால்தான் எப்போதும் இன்னுங் கொஞ்சம், இன்னுங் கொஞ்சமா?

மறுநாள் காலை நானும் பொய் சொல்லவில்லை. அந்தச் சொல்லை நாக்கில் வைத்துக்கொண்டே படுத்தேன். கால் எழுந்தது, கை வந்தது. "தள்ளிப் பாக்குறேன் அத்தை" என்றேன். கணுக்காலில் இருந்த காய்ப்பு நகர்ந்து என் பெருவிரலின் மேல் வந்து உட்கார்ந்தது. தள்ளினேன். விரல் அசையவே இல்லை. அடுத்த நாளும் தள்ளினேன். நெற்றி நரம்பு புடைக்கத் தள்ளினேன். கல்லைத் தள்ளுவதுபோல் இருந்தது. ஆனால் பெருவிரலிலிருந்து கெண்டைக்கால் வரை ஒரு நூல் முறுக்குவதுபோல் வலித்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்தக் காலில் தெரிந்த முதல் வலி. எனக்கு அது இனித்தது.

அப்படித் தள்ளிக்கொண்டே இருந்தேன். கம்பெனிக்கு லீவு போட்டாலும் இதற்கு லீவு போடவில்லை. போன செவ்வாய்க்கிழமை காலையில், தெருவில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்த நேரம், உங்கள் விரல் என் விரலுக்கு இடம் கொடுத்தது. கொஞ்சம்தான். நான் இன்னொரு தடவை தள்ளிப் பார்த்து நிச்சயம் செய்துகொண்டேன்.

"உசுரு வந்துருச்சு அத்தை" என்றேன்.

நீங்கள் உடனே விடவில்லை. நான் பொய் சொல்கிறேனா என்று பார்த்தீர்கள் போல. பிறகு நான்கு விரல்களும் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. கடைசியாகக் கட்டைவிரல். கால் தொப்பென்று தரையில் விழுந்தது. குதிகால் எலும்பு வலித்தது. உங்கள் மகன் அடுக்களையிலிருந்து "என்னத்தப் போட்டு ஒடச்ச?" என்று கத்தினார்.  கதவு சாத்தியே இருந்தது. ஆனால் யாரோ எழுந்து அதைத் தாண்டிப் போனதுபோல் அறை காலியாக இருந்தது.

நானே காலைத் தூக்கினேன். அரைச் சாண் வந்தது. மரக்கிளைபோல் நடுங்கியது. எவ்வளவு கனம் அத்தை, ஒரு மனுஷியின் கால்! இதையா இத்தனை நாளும் நீங்கள் ஏந்திக்கொண்டிருந்தீர்கள்?

நேற்று அந்தப் பெண் தள்ளச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இப்பதாங்கா ஆரம்பிக்குது" என்றாள். டாக்டர் ஆபரேஷன் பேச்சை இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறார். இன்னும் செருப்புக்கு வார் வைத்துத்தான் நடக்கிறேன்.

ஒன்று மட்டும் தூங்கவிடாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. நீங்கள் போன இடத்தில் உங்களுக்கு எதிரில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? கதவு வரைக்கும் வராத அந்த அம்மா அங்கே இருக்கிறாளா? உங்கள் இடது காலை யாராவது ஏந்தியிருக்கிறார்களா, இல்லை, அது இன்னும் செத்தேதான் கிடக்கிறதா?

ஒரு வாக்குத் தருகிறேன். இந்தக் காலை தினமும் நானே தூக்குவேன், நடுங்க நடுங்கத் தூக்குவேன். என் காலாலேயே நடந்து, வர வேண்டிய காலத்தில்தான் அங்கே வருவேன். அவசரப்படுத்தாதீர்கள். வந்ததும் உங்களுக்கு எதிரில் உட்கார்ந்து உங்கள் குதிகாலை வாங்கிக்கொள்வேன். போதும் என்று நீங்கள் எத்தனை தரம் சொன்னாலும் விட மாட்டேன். அந்தச் சொல்லை உங்கள் வாயால் கேட்ட பிறகுதான் விடுவேன்.

உங்கள் எதிர்ப்பக்கத்து ஜோடி,
மருமகள் கலாவதி