நீ நிறுத்தாமல் போன லேப்டாப்

என் கண்ணு கயலு,

இன்று அமாவாசை. மேல்மலையனூருக்கு ஸ்பெஷல் பஸ் ஓட்டணும். அதற்குள் ஒரு சேதி.

காய்ச்சலில் நீ போனதிலிருந்து உன் பழைய லேப்டாப்பை நான் நிறுத்தவே இல்லை. திரையில் நீ பாதியில் விட்ட வரி, அதன் முனையில் துடிக்கும் கோடு. அது துடிக்கிற வரைக்கும் நீ தண்ணி குடிக்க எழுந்து போயிருக்கிறாய் என்று நினைத்துக்கொள்வேன். கரண்ட் போனாலும் அணையக் கூடாதென்று இன்வெர்ட்டர் வாங்கினேன். ஃபேனுக்கு என்று தெருவில் சொல்லிவைத்திருக்கிறேன்.

போன வாரம் உன் கூட்டாளி, வல்லத்து மாலதி கூப்பிட்டாள். கம்ப்யூட்டருக்கு எஞ்சின் மாதிரி என்பாயே, ஊர் உலகமே சேர்ந்து எழுதுகிற அந்தக் கெர்னல், அதில் இந்த லேப்டாப்புக்குச் சத்தம் வர நீ எழுதியதை யாரோ மாற்றி அனுப்பியிருக்கிறாராம். அவரிடம் இந்த மெஷின் கிடையாது. ஓட்டிப் பார்க்காமலே அனுப்பிவிட்டார். மாலதி தூரத்திலிருந்தே புதுசை ஏற்றினாள். காதால் கேட்டுச் சொல்ல மட்டும் ஆள் வேண்டும். பத்தாவதைத் தாண்டாத எனக்குக் காதாவது இருக்கிறதே.

பாட்டைப் போட்டேன். கணீரென்று வந்தது.

“நல்லா கேக்குதும்மா. ஏத்துக்கச் சொல்லு.”

“ரீஸ்டார்ட் பண்ணீங்களா நைனா?”

“இன்னாத்துக்கு?”

“அய்ய, பண்ணலன்னா பழசுதான ஓடிக்கினு இருக்குது. நீங்க கேட்டது கயலு எழுதுனத.”

“நிறுத்துனா கயலு வரி போயிடுமேம்மா” என்றேன். அவளுக்குப் புரிந்துவிட்டது போல. “அந்த வரிய சேவ் பண்ணிட்டேன் நைனா. அவ இருந்தா ஓட்டிப் பாக்காம உடுவாளா?”

உடுவியா நீ? பிரேக்கைப் பார்க்காமல் வண்டியை எடுத்தேன் என்று என்னோடு பேசாமல் இருந்தவளாச்சே.

நிறுத்தினேன். கறுத்த திரையில் என் மூஞ்சிதான் தெரிந்தது. மறுபடி வந்ததும் பாட்டைப் போட்டேன். சத்தமே இல்லை, கொஞ்சம் முன்னால் பாடிய மெஷின். சத்தம் வரவில்லை என்று மாலதி அவருக்கு எழுதிப் போட்டாள். அவரும் மாற்றத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். இப்போது நீ எழுதியதுதான் பாடுகிறது.

பிழையைச் சொன்னவர் என்று அவர் திரும்ப எடுத்த குறிப்பில் என் பெயர் இருக்குது கயலு. பெருமையாகக் கண்டக்டரிடம் காட்டினேன். “இன்னா கேஸுண்ணா இது?” என்கிறான்.

உன் வரியைத் திறந்தால் கோடு முதலெழுத்தில் நிற்கிறது. தட்டித் தட்டி நீ விட்ட இடத்துக்குக் கொண்டுபோனேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. அப்புறம் இன்னா எழுத இருந்த கண்ணு?

இனி எந்தப் புதுசு வந்தாலும் நிறுத்திப் போட்டு, கேட்ட பிறகுதான் சொல்லுவேன்.

வண்டிக்கு நேரமாச்சு. பிரேக்கைப் பார்த்துவிட்டேன்.

உன் நைனா