நாலு புள்ளி ரெண்டு, காலை பத்து மணி

ஆகஸ்ட் 4, திங்கள்
விழுப்புரத்திலிருந்து பச்சைமுத்து சார் கூப்பிட்டார். கட்டட இன்ஜினியர். ஒரு வீட்டுக்குப் பிளான் அனுப்பியிருக்கிறார். கட்டாத அந்த வீட்டை வாசலிலிருந்து மாடி வரை சுற்றிக் காட்டும் வீடியோவாக நான் செய்து தர வேண்டும். "இருபதாந்தேதிக்குள்ள குடும்மா. நல்லா வந்துச்சுன்னா மாசா மாசம் வேலை வரும், திண்டிவனத்துல இருந்துக்கினே பண்ணலாம். இல்லாட்டி ஆபீசுக்கு வர்ற ஆளாத்தான் நான் பாக்கணும்."

தினமும் நான் விழுப்புரம் பஸ் ஏறினால் ஒன்றரை வயது முஸ்கானை யாரிடம் விடுவது? வந்தால் இந்த வேலை இப்படித்தான் வர வேண்டும்.

ஆகஸ்ட் 5
வேலை வாங்கித் தர வேண்டிய கம்ப்யூட்டரோ, என் வீட்டுக்காரர் காலேஜ் படிக்கும்போது வாங்கியது. பதின்மூன்று வயது. பத்து நொடிக் காட்சிக்கே அரை மணி நேரம் முனகுகிறது. ஷார்ஜாவிலிருந்து இவர் சொன்னார்: "அது வேகத்தக் கூட்டி உடற மாதிரி வர்ற ப்ராசசருதான், பர்கானா. மூணு புள்ளி மூணு கிகாஹெர்ட்ஸ்ல ஓடுது. ஓவர்கிளாக் பண்ணு. கொஞ்சம் கொஞ்சமா ஏத்து."

ஆகஸ்ட் 7
கொஞ்சம் கொஞ்சமாக என்று சொன்னது காதில் விழுந்தது, கைக்குப் போகவில்லை. ஒரேயடியாக நாலு புள்ளி அஞ்சு. வெப்பம் தொண்ணூற்றாறு டிகிரி, அப்புறம் நீலத் திரை காட்டி நின்றுவிட்டது. எனக்கு நன்றாக வேண்டும்.

ஆகஸ்ட் 8
பெட்டியைத் திறந்தேன். ப்ராசசருக்கும் அதன் பேனுக்கும் நடுவே இருக்கும் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகி இருந்தது. சுரண்டித் துடைத்துப் புதிதாகத் தடவினேன். அதுவரை முஸ்கானைக் கீழ்வீட்டு லூர்துமேரி அக்கா வைத்துக்கொண்டார், கேப்பைக் கூழும் ஊட்டி விட்டார். இந்த வீட்டுக்குச் சொந்தக்காரர், முஸ்கானுக்கு மேரிம்மா. வாடகைக்கு வந்தவளிடம் இவ்வளவு அன்பா என்று சில சமயம் கூச்சமாக இருக்கிறது.

நாலு புள்ளி ரெண்டு. வோல்டேஜ் ஒரு துளி கூட்டி மதியம் முழுக்கச் சோதனை ஓட்டினேன். எழுபத்திரண்டு டிகிரி. நிற்கவே இல்லை. அல்ஹம்துலில்லாஹ்.

ஆகஸ்ட் 11
காலை ஏழுக்கு முழு வீடியோவையும் உருவாக்க ஓட விட்டேன். 10.05க்குத் தானாக அணைந்து மறுபடி ஸ்டார்ட் ஆனது. நடுவில் நின்றால் மொத்தமும் வீண்.

ஆகஸ்ட் 12
நாலு புள்ளி ஒண்ணு. 10.10. போச்சு.

ஆகஸ்ட் 13
ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். வேகம் நாலு. 9.58.
உனக்கு என்னதான் வேணும், சொல்லித் தொலையேன்.

ஆகஸ்ட் 14
ஓவர்கிளாக்கே வேண்டாமென்று பழைய மூணு புள்ளி மூணுக்கே இறக்கினேன். அதிலும் 10.07க்கு நின்றது.

வேகத்தைக் கூட்டாமலே விழுதுன்னா நானே கெடுத்துட்டேனா? நல்லா இருந்த பொருளை, நோண்டி நோண்டி — அழுதேன். நான் அழுவதைப் பார்த்து முஸ்கானும் அழுதாள். அவளைச் சமாதானம் செய்ததில் என் அழுகை பாதியில் நின்றுவிட்டது.

ஆகஸ்ட் 15
இவரிடம் சொல்லப் பயந்தேன். சொன்னதும் திட்டவில்லை. "எந்தெந்த நேரத்துல நின்னுச்சு?" என்று மட்டும் கேட்டார். இந்த நோட்டைப் பார்த்து வாசித்தேன். சிரிக்கிறார், மனுஷன்.

"சூடு ஏறி உழுந்தா மணி பாத்தா உழும்? நீலத் திரை வந்துச்சா?"

"இல்லைங்க. சும்மா அணைஞ்சு எரியுது."

"அப்ப பொட்டி மேல தப்பு இல்ல. பத்து மணிக்கு வீட்ல இன்னா நடக்குதுன்னு பாரு."

ஆகஸ்ட் 16
பத்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது கம்ப்யூட்டரை ஓட விட்டுவிட்டு முஸ்கானோடு படியில் போய் நின்றேன். லூர்துமேரி அக்கா ஸ்டூலோடு வந்தார். மீட்டருக்குக் கீழே இருக்கும் பேஸ் மாற்றுகிற சுவிட்சைப் பிடித்து, கட்டக் என்று திருப்பினார். மேலே என் கம்ப்யூட்டர் புதிதாக ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது.

"என்னக்கா பண்றீங்க?"

"பத்து மணிக்குக் கழனிங்களுக்கு மூணு பேஸ் கரண்டு உடுவாங்கம்மா. எல்லாரும் மோட்டார் போட்டா நம்ம லைனு படுத்துடும். நீ மேல பொட்டி வச்சி வேலை செஞ்சிக்கினு இருக்கியே, கம்மி கரண்டுல கெட்டுப் பூடப் போவுதுன்னு நான்தான் டெய்லி வேற லைனுக்கு மாத்தி உடறேன். உனுக்கு இன்னாத்துக்கு அந்தக் கவலைன்னு சொல்லல."

லைன் மாறும் அந்த அரை நொடி மின்சாரம் அறுபடுகிறது. சீலிங் பேன் அதற்குள் நிற்காது, பகலில் விளக்கும் எரியாது. கம்ப்யூட்டர் மட்டும்தான் செத்துப் பிழைக்கும். பாவம் அந்த ப்ராசசர், எவ்வளவு திட்டு வாங்கியது.

சொல்ல வாயெடுத்தேன். அவர் ஸ்டூலை ஓரமாக வைத்துவிட்டு முஸ்கானிடம் கையை நீட்டினார். "தேங்க்ஸ்க்கா" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 17
பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் ஒரு யூபிஎஸ் வாங்கினேன். "அந்தக்காகிட்ட சொல்லிட்டா முடிஞ்சுது, இதுக்குப் போயி யூபிஎஸ்ஸா?" என்றார் இவர். மாட்டேன் என்றேன். அக்காவுக்குத் தெரிந்தால் ஸ்டூலைத் தொடவே மாட்டார். எனக்குக் கெடுதல் செய்துவிட்டதாக நினைத்து நினைத்துக் குமைவார்.

ஆகஸ்ட் 18
நாலு புள்ளி ரெண்டு. ஏழுக்கு ஆரம்பம். பத்து மூன்றுக்கு யூபிஎஸ் ஒருதரம் கீச்சிட்டது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வீடியோ பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மூன்றரைக்கு முடிந்தது, நாலு மணிக்கு அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 19
பச்சைமுத்து சார்: "மாடிப்படி சூப்பரும்மா. அடுத்த பிளான் அனுப்பறேன்." அல்ஹம்துலில்லாஹ். ஆயிரம் தரம்.

செப்டம்பர் 11
விழுப்புரம் பக்கத்துக் காணையில் கட்டப்போகும் வீட்டின் வீடியோ ஓடிக்கொண்டிருக்கிறது. இது மூன்றாவது. பத்து மணிக்கு யூபிஎஸ் கீச்சிட்டதும், தரையில் விளையாடிக்கொண்டிருந்த முஸ்கான் எழுந்து படிக்கட்டுப் பக்கம் கையைக் காட்டி, "மேயிம்மா" என்றாள்.