மாடிப்படியில் ஒரு வெள்ளை டைல்

நானா,

இன்று காலை மாடிப்படிச் சன்னலுக்குப் பச்சை பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டு தெறித்து, பக்கத்துச் சுவர் டைலில் இருக்கும் மயிலின் கழுத்தில் விழுந்துவிட்டது. பதறிப்போய்த் தின்னர் பாட்டிலைத் திறந்தேன். அந்த நெடி மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நீங்கள் இருந்திருந்தால், "மறுபடியுமா தங்கச்சி?" என்று தலையில் கைவைத்திருப்பீர்கள்.

நீங்கள் எனக்கு உறவில்லை. உங்கள் முஸ்லிம் வீடுகளில் அண்ணனை அழைப்பதுபோலத் தெருவே உங்களை நானா என்றது, சர்ச்சுக்குப் போகும் வேதக்காரக் குடும்பத்துப் பெண்ணான நானும் அப்படியே அழைத்துப் பழகிவிட்டேன். கப்பலில் போனவர், வழியில் ஜப்பானில் ஏதோ ஒரு சின்னத் துறைமுக ஊரில் இறங்கி அங்கேயே எட்டு வருஷம் மீன் காயவைத்துக்கொண்டிருந்தவர், ஒரு நாள் திடீரென்று ரங்கூனுக்குத் திரும்பிவந்து நின்றீர்கள். இங்கே ஓடுகிற பழைய ஜப்பான் பஸ்களில் அழியாமல் இருக்கும் எழுத்துகளை நீங்கள் சத்தமாகப் படிப்பதைக் கேட்கவே உங்களோடு பஸ்ஸில் வரலாம். தாமுவே போகும் பஸ் ஒரு காலத்தில் பாலர் பள்ளிக்கூடத்துப் பஸ் என்று நீங்கள் சொன்ன நாளிலிருந்து, அதில் ஏறும்போதெல்லாம் எனக்குக் கைகட்டி உட்காரத் தோன்றுகிறது.

திரும்பிவந்தபோது உங்களுக்கு வீடு இல்லை. உங்கள் அண்ணன்மார் பழைய வீட்டைக் காண்ட்ராக்டரிடம் கொடுத்திருந்தார்கள். அது இருந்த இடத்தில் எட்டு மாடிக் கட்டடம் நின்றது. உங்கள் பங்குக்கு ஆறாவது மாடியில் ஓர் அறையும் லிப்ட் இல்லாத படிக்கட்டும் கிடைத்தன. அதற்காக நீங்கள் அழுது நான் பார்க்கவில்லை. "இங்கேருந்து உங்க வீட்டு மாடிச் சன்னல் நல்லாத் தெரியுது" என்று மட்டும் சொன்னீர்கள். அதற்குள் எங்கள் வீட்டுக்கும் அதே காண்ட்ராக்டர் வந்து போயிருந்தார். ஒழுகும் கூரையைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன அம்மா, அடுத்த திங்கட்கிழமை கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருந்தாள். பத்திரம் அலமாரியில் வேதப் புத்தகத்துக்கு அடியில் இருந்தது.

அப்போதுதான் நீங்கள் அந்த ஜப்பான் ஊரின் கதையைச் சொன்னீர்கள். பாய்மரக் கப்பல்கள் கடல் நீரோட்டம் திரும்பக் காத்து நின்ற ஊராம். பிறகு கப்பல்கள் நிற்காமல் போயின, இளசுகளும் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். மிஞ்சியிருந்த கிழவர்கள் ஒன்றுகூடி, பழைய வீடுகளை இடிக்காமல் தேய்த்துத் துடைத்து, ஆளுக்கொரு முன்னறையைத் திறந்துவைத்தார்களாம். பார்க்க ஆட்கள் வந்தார்கள், மூடிய கடைகள் திறந்தன. ஊர் பிழைத்துக்கொண்டது. "நம்ம தெருவும் துறைமுகத் தெருதானே" என்றீர்கள். அந்த ஊர்க்காரர்களே எட்டுப் பேர் பர்மா பார்க்க வருகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை நம் தெருவைக் காட்டலாம் என்று வார்டு ஆபீசுக்கு நடையாய் நடந்து அனுமதியும் வாங்கிவிட்டீர்கள். எங்கள் வீட்டுக்கு வந்து ஒரே ஒரு விஷயம்தான் சொன்னீர்கள்.

"தங்கச்சி, எதையும் தொட வேணாம். இருக்கிறது இருக்கிறபடி இருக்கட்டும்."

நான் அதை மரியாதைப் பேச்சு என்று நினைத்துவிட்டேன். வருகிறவர் 'ஒண்ணும் வேணாம்' என்பதும், நாம் நாலு பலகாரம் செய்து வைப்பதும்தானே நம் வழக்கம்? கடல் தாண்டி விருந்தாளி வரும்போது அழுக்கும் கீறலுமாகச் சுவரைக் காட்டுவதா? அம்மா தேக்குப் பலகைத் தரை முழுவதும் பிளாஸ்டிக் விரிப்பு போட்டாள். நான் சனிக்கிழமை தாமுவே மார்க்கெட்டுக்குப் போய் எனாமல் பெயிண்ட் வாங்கிவந்து, மாடிப்படிச் சுவரில் தாத்தா காலத்தில் பதித்த மயில் டைல்ஸுக்கும் ரோஜா டைல்ஸுக்கும் பளபளவென்று வெள்ளை அடித்து முடித்தேன். எனக்கு என்ன பெருமை!

மறுநாள் நீங்கள் அந்த எட்டுப் பேரை அழைத்துக்கொண்டு படியேறினீர்கள். மூன்றாவது படியில் அப்படியே நின்றுவிட்டீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்ததும்தான் எனக்கு விளங்கியது. அந்தச் சுவரைக் காட்டத்தான் அவர்களை அழைத்துவந்தீர்கள். அம்மா ஒன்றும் புரியாமல், பாயசம் ஆறிப்போகும், உட்காரச் சொல் என்றாள்.

நீங்கள் திட்டவில்லை. அவர்களிடம் ஜப்பான் மொழியில் ஏதோ சொன்னீர்கள். எட்டுப் பேரும் மிகவும் தீவிரமாகத் தலையாட்டினார்கள். பிறகு என்னிடம் தின்னர் இருக்கிறதா என்று கேட்டீர்கள். விருந்தாளி வந்தால் இந்த வீட்டில் சுவரையே புதிதாக்கிவிடுவார்கள், அடியில் இருப்பதை நாமே சேர்ந்து பார்க்கலாமா என்று அவர்களிடம் கேட்டீர்களாம். அதை நீங்கள் எனக்குச் சொன்னது ஒரு மாதம் கழித்துத்தான்.

நல்லவேளை, மழைக்கால ஈரத்தில் பெயிண்ட் காய்ந்திருக்கவில்லை. பழைய லுங்கியைக் கிழித்துக் கொடுத்தேன். அறுபது எழுபது வயதுக்காரர்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுப் படிக்கு ஒருவராக உட்கார்ந்து துடைக்க ஆரம்பித்தார்கள். மயில் வெளியே வந்தபோதெல்லாம் ஒரு சிரிப்பு எழுந்தது. ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த ஒரு டைல் ஒரு பாட்டையா கையோடு வந்துவிட்டது. அவர் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஜப்பானில் செய்தது என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. அவர் அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மற்றவர்களுக்குக் காட்டினார். எங்கள் தாத்தாவுக்கு அது எங்கிருந்து வந்தது என்று நாங்கள் ஒருநாளும் யோசித்ததில்லை.

அவ்வளவு நேரமும் அம்மா மேல்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். திங்கட்கிழமை காண்ட்ராக்டர் பேனாவோடு வந்தார். அம்மா பத்திரத்தை எடுத்து அப்படியே திருப்பிக் கொடுத்தாள். ஏனம்மா என்று கேட்டேன்.

"விருந்தாளி தன் கையால கழுவிக் குடுத்த சுவத்தை எப்படிடி இடிக்கிறது?" என்றாள்.

நீங்கள் செய்த குறும்பும் ஒன்று உண்டு. மற்ற எல்லாவற்றையும் துடைத்த பிறகு, மூன்றாவது படிக்கு மேலே ஒரு டைலை மட்டும் வெள்ளையாகவே விடச் சொன்னீர்கள். பிறகு வந்த ஒவ்வொரு குழுவிடமும், "இது எங்க தங்கச்சி கைவேலை" என்று காட்டி என் மானத்தை வாங்கினீர்கள். எல்லாரும் படம் பிடித்ததும் அதைத்தான். எங்களைப் பார்த்து இன்னும் நாலு வீடுகள் முன்னறையைத் திறந்தன. எதிர்வரிசையில் இரண்டு வீடுகள் இடிபட்டுப் போய்விட்டன, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் முனையில் மூடிக்கிடந்த, மீன்சாற்றில் நூடுல்ஸ் போட்டுத் தரும் மொஹிங்காக் கடை திறந்தது, அது இன்றைக்கும் கூட்டமாக இருக்கிறது.

கடைசி ஒரு வருஷம் உங்களால் ஆறு மாடி இறங்க முடியவில்லை. குழு வரும் நாளில் அடையாளமாகச் சன்னலில் சிவப்புத் துண்டு போடச் சொன்னீர்கள். நான் போட்டால், மேலே உங்கள் சன்னலில் ஒரு கை அசையும். நீங்கள் போன பிறகும் அந்தத் துண்டைப் போடாமல் இருக்க என்னால் முடியவில்லை. முதல் தடவை போட்டுவிட்டு, மேலே பார்க்காமல் உள்ளே வந்து அழுதேன்.

உங்கள் அறைக்கு ஒரு பர்மியப் பெண் குடிவந்திருக்கிறாள். போன வாரம் மொஹிங்காக் கடையில் என்னைப் பிடித்து, அது என்ன துண்டு அக்கா என்று கேட்டாள். கதை முழுவதையும் சொன்னேன், நான் வெள்ளை அடித்ததையும் ஒளிக்காமல் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, தன் கிண்ணம் என்று நினைத்து என் கிண்ணத்தில் மிளகாய்த்தூள் போட்டாள்.

இன்று பத்து மணிக்கு ஒரு குழு வருகிறது. மயிலின் கழுத்தைத் துடைத்து முடித்தேன். கையில் தின்னர் இருந்ததால் வெள்ளை டைலையும் ஒரு தடவை பார்த்தேன், தொடவில்லை. இருக்கிறது இருக்கிறபடி இருக்கட்டும், நானா. பிறகு துண்டைச் சன்னலில் போட்டேன். இந்தத் தடவை மேலே பார்த்தேன். ஆறாவது மாடியில் அவளும் ஒரு சிவப்புத் துண்டைத் தொங்கவிட்டுவிட்டுக் கையசைத்தாள்.