முந்திக்கொண்டு சொன்ன சாட்சி

ஜூலை 10, வியாழன்

விடிந்ததிலிருந்து புழுக்கம். ஃபேன் சுற்றுகிறது, காற்றைக் காணோம்.

கேஸ் புக் பண்ண. பஞ்சு, பிளாஸ்திரி வாங்க. தையல் கம்பெனி கோட் துவைக்க.

வீட்டுக்காரர் கழுத்திலிருந்த கட்டியை நேற்று எடுத்துவிட்டார்கள். நாலு தையல். கட்டி டெஸ்டுக்குப் போயிருக்கிறது. கெட்ட கட்டியா இல்லையா என்பது 22ஆம் தேதிதான் தெரியுமாம். டாக்டர் இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் பேனா மூடியைத் தேடிக்கொண்டிருந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை.

(இனி வீ.கா. என்றே எழுதுகிறேன். நோட்டு சின்னது.)

வீ.கா. ஒரே பிடிவாதம். "யார்கிட்டயும் மூச்சு உடாத செல்வி. குடோன்ல சீழ்க்கட்டின்னு சொல்லிகீறேன். ஆளாளுக்கு மூஞ்சத் தொங்கப் போட்டுகினு வந்து பாப்பானுங்க." சரி என்றேன். சரி என்று சொன்னது நான்தான், குறித்து வைக்கிறேன்.

ஜெபம் பண்ண உட்கார்ந்தேன். சுகம் கொடும், சுகம் கொடும். சுவரோடு பேசுகிற மாதிரி இருந்தது. பதினோரு வருஷமாகச் சபைக்குப் போகிறேன், இப்படி ஆனதே இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

மேகம் மட்டும். மழை இல்லை.

வழக்கம்போல வீ.கா. பைக்கில் கொண்டுவந்து சபை வாசலில் இறக்கிவிட்டு, எதிர்ச்சாரி மணி டீக்கடைக்குப் போய்விட்டார். பதினோரு வருஷமும் இப்படியே. சபைக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. கொண்டுவந்து விடாத ஞாயிறும் இல்லை.

சாட்சி நேரம், கர்த்தர் செய்த நன்மையை எழுந்து சொல்கிற நேரம். பாஸ்டரம்மா மைக்கை நீட்டி, "சிஸ்டர், ஏதாச்சும் சொல்றீங்களா?" போன வாரப் பிரசங்கம் வேறு காதிலேயே நின்றது: நடந்துவிட்டது என்று நம்பி வாயால் அறிக்கை பண்ண வேண்டும். எழுந்தேன். என் வாய்க்கு என்ன கேடு வந்ததோ.

"என் வீட்டுக்காரருக்குக் கழுத்துல கட்டி. ஆபரேஷன் பண்ணாங்க. கேன்சரோன்னு பயந்துட்டோம். ரிசல்ட் வந்துடுச்சு, ஒண்ணுமில்ல. கர்த்தர் சுகம் குடுத்துட்டாரு!"

ஒரே கைத்தட்டல். அல்லேலூயா. பக்கத்தில் உட்காரும் ரூபி அக்கா என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. ஒன்று: ரிசல்ட் வரவே இல்லை. இரண்டு: சபைக்கு வெளியே ஸ்பீக்கர் உண்டு. அது டீக்கடையைப் பார்த்துத்தான் கட்டியிருக்கிறது.

வெளியே வந்தால் வீ.கா. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு பைக்கில் தயார். மணி கேட்கிறான், "இன்னா அண்ணாத்தே, சீழ்க்கட்டின்னு சொன்னே?" நசரத்பேட்டை வீடு வரும்வரை ஒரு பள்ளத்துக்கும் வண்டியை மெதுவாக்கவில்லை. படியில் வைத்துக் கேட்டார், "உங்க ஆளு ரிசல்ட்ட உனக்கு மட்டும் தனியா அனுப்பிட்டாரா?"

அவர் சிரிக்கவில்லை. நான் எங்கே சிரிப்பது.

ஜூலை 16, புதன்

வெயில். கம்பெனி வேன் அரை மணி லேட்.

செக்கிங் டேபிளுக்கு ஒரு சட்டை திரும்பி வந்தது. காலர் தையல் பிரிந்து தொங்குகிறது, மேலே பாஸ் ஸ்டிக்கர். சூப்பர்வைசர் கத்தினார்: "பாத்துட்டு ஒட்டறதுக்கு இன்னா கேடு?" பக்கத்து டேபிள் பெண்ணுக்கு விழுந்த திட்டு. எனக்குத்தான் காது சுட்டது. பார்க்காமல் ஒட்டியவள்தானே நானும்.

பொய் சொன்னதற்குத் தண்டனையாக ரிசல்ட் கெட்டதாகிவிடுமோ? கட்டியைப் போன வாரமே எடுத்துப் பாட்டிலில் போட்டாயிற்று, நான் மைக்கில் என்ன உளறினாலும் அது மாறாது. மூளைக்குத் தெரிகிறது. வயிற்றுக்குத் தெரியவில்லை.

மத்தியானம் ரூபி அக்கா போன். அவள் தங்கச்சிக்கும் மார்பில் கட்டியாம், டெஸ்டுக்குக் கொடுத்திருக்கிறார்களாம். "உன் சாட்சியச் சொன்னேன்டி. அதக் கேட்டுட்டுதான் ரெண்டு நாளா வாய்ல சோறு வெக்கிறா." போனை வைத்தேன். எனக்குச் சோறு இறங்கவில்லை.

வீ.கா. இன்று பேசியவை: உப்பு. சாவி எங்கே. கேஸ் வந்துச்சா.

ஜூலை 20, ஞாயிறு

ஆடி முதல் ஞாயிறு. சபைத் தெருமுனை அம்மன் கோயிலில் கூழ். பாட்டு காதைப் பிளக்கிறது. நல்லதாகப் போயிற்று, நான் பேசுவது டீக்கடைக்குக் கேட்காது என்று நினைத்தேன். நான் மைக்கை வாங்கின நேரம் பார்த்து, கூழ் ஊற்றுகிறோம் என்று பாட்டை நிறுத்திவிட்டார்கள்!

சொல்லிவிட்டேன். "போன வாரம் நான் சொன்னது பொய். ரிசல்ட் இன்னும் வரல, செவ்வாய்க்கெழமதான். அவரு யார்கிட்டயும் சொல்லாதன்னாரு, மீறிச் சொல்லிட்டேன். எனக்குப் பயமா கீது. ஜெபம் பண்ணா ஒரு சத்தமும் இல்ல. கூட இருக்கீங்களா ஆண்டவரேன்னு கேட்டுகினே கீறேன்."

கைத்தட்டல் இல்லை. ஃபேன் சத்தம்தான். பாஸ்டரம்மா ஆமென் என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அப்போதுதான். வெளிச்சம் கிளிச்சம் ஒன்றும் இல்லை. மூச்சு முழுசாக இறங்கியது, அவ்வளவே. கரண்ட் போன நேரம் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தால் தரை இருக்குமே, அந்த மாதிரி. பத்து நாளாகச் சுகம் சுகம் என்று கேட்டேனே தவிர, பயமாக இருக்கிறது என்று கர்த்தரிடம் ஒருதரம்கூடச் சொல்லவில்லை. சொன்னதும் தெரிந்தது, இருக்கிறார். ரிசல்ட் எப்படி வந்தாலும் இருப்பார். எங்கேயும் போகவில்லை அவர். அப்பா, என்ன நிம்மதி.

திரும்பிப் பார்த்தேன். வாசலில், செருப்புகளுக்கு நடுவில், வீ.கா. கையில் பாதி டீயோடு கிளாஸ். எதிரிலிருந்து மணி, "அண்ணாத்தே, கிளாசு!" அவர் திரும்பவே இல்லை.

ரூபி அக்கா: "இப்ப என் தங்கச்சிகிட்ட இன்னாடி சொல்லுவேன்?" நானே வருகிறேன் என்றேன். சாயங்காலம் வானகரம், தங்கச்சி வீடு. உண்மையைச் சொன்னேன். திட்டினாள், அழுதாள். போகச் சொல்லவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எட்டு மணிக்கு இரண்டு இட்லி சாப்பிட்டாள்.

வீடு வந்ததும் வீ.கா., "எனக்கும்தான் பயமா கீது."

"முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

"யார்கிட்ட சொல்றது? நீதான் உங்க ஆளுகிட்ட பிஸியா கீறியே."

இந்தத் தடவை இரண்டு பேரும் சிரித்தோம். தையல் இழுக்குது, சிரிக்க வெக்காத என்றார்.

ஜூலை 22, செவ்வாய்

ஒன்றுமில்லை. கெட்ட கட்டி இல்லை. மாத்திரை ஒரு மாசம், அவ்வளவுதான். டாக்டரிடம் ரிப்போர்ட்டை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு எழுதுகிறேன். பார்த்துவிட்டு ஒட்டிய ஸ்டிக்கர்.

லீவு போட்டேன். காலையில் மழை, குமணன்சாவடி சிக்னலில் நன்றாக நனைந்தோம். ரூபி அக்கா தங்கச்சிக்கு வெள்ளிக்கிழமை ரிசல்ட். கூடப் போகிறேன்.

ஒன்று மறக்காமல் எழுத வேண்டும். டாக்டர் கூப்பிடுவதற்கு முன்னால், வராந்தாவில். வரிசையாக மூன்று நாற்காலி. நான், அவர், அந்தப் பக்கத்து நாற்காலியில் ஈர ஹெல்மெட். வீ.கா. மெதுவாகக் கேட்டார், "உங்க ஆளு வந்துகீறாரா?"

கேலியாகக் கேட்கவில்லை அவர். "வந்துகீறாரு."

"சரி" என்று ஹெல்மெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நாற்காலியில் இருந்த தண்ணீரையும் கைக்குட்டையால் துடைத்துவிட்டார்.